பதினான்கு மழையின் மண்

கள்ளக்குறிச்சி
12-9-1987

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மச்சானுக்கும் உன் மாமியார் வீட்டில் எல்லோருக்கும் என் ஸலாம். இங்கே அத்தா, அம்மா, நான் மூவரும் அல்லாஹ் காவலில் சுகம். அத்தாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது?

ஒரு நல்ல செய்தி. போன மாதம் இங்கே நடந்த அறிவியல் கண்காட்சியில் எங்கள் மாதிரிக்கு முதல் பரிசு. 22-ம் தேதி கடலூரில் மாவட்டக் கண்காட்சி. 'எங்கள்' என்றால் நானும் செல்லியம்மாளும். அவள் வெள்ளிமலைப் பெண், விடுதியில் தங்கி என் வகுப்பில்தான் படிக்கிறாள். அவள் அப்பா சடையன் நம் கடைக்குச் சாமை கொண்டுவருபவர். நீயும் பார்த்திருப்பாய்.

மழை எவ்வளவு மண்ணை அடித்துக்கொண்டு போகிறது என்பதுதான் நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம். அவர்கள் நிலத்தின் சரிவில் மூன்று இடத்தில் டின் புதைத்தோம். உழுது வெறுமனே கிடக்கும் இடம், சாமை விதைத்த இடம், புல் வளர்ந்த இடம். ஒவ்வொரு மழைக்கும் டின்னில் சேர்ந்த மண்ணைக் காயவைத்துப் பொட்டலம் கட்டிச் செல்லி கொண்டுவருவாள். அவள் இங்கே இருக்கும் நாட்களில் அவள் அம்மா எடுத்து வைப்பார். நான் அத்தா கடைத் தராசில் நிறுத்து எழுதுவேன். பதினான்கு மழை. ஒரு ஏக்கரில் எத்தனை வண்டி மண் போகிறது என்று கணக்குப் போட்டு, வரைபடம் வரைந்தது நான்.

நடுவர்கள் எல்லாக் கேள்வியையும் செல்லியிடமே கேட்டார்கள். நன்றாகச் சொன்னாள். பெரிய டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். கணக்குப் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பரவாயில்லை. எனக்குச் சந்தோஷம்தான்.

துஆ செய்.

உன் தங்கை,
மெகருன்னிசா


வாணியம்பாடி
30-9-1987

என் கண்ணு மெகருக்கு,

அக்கா முஹ்சினாவின் ஸலாமும் துஆவும். நாங்கள் எல்லோரும் சுகம். உன் கடிதம் பதினேழு நாள் கழித்து நேற்றுத்தான் வந்தது. சாலை மறியலால் ஒரு வாரம் இங்கே பஸ் கிடையாது, கடை கிடையாது, ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். உங்கள் பக்கம் இன்னும் மோசம், ஆட்கள் செத்துப்போனார்கள் என்று மச்சான் பேப்பரைப் பார்த்துச் சொன்னார். அத்தா கடையை மூடியிருந்தாரா? எல்லோரும் பத்திரமா? இட ஒதுக்கீடு கேட்கிறார்கள் என்றார். கேட்க வேண்டியதுதான், ஆனால் அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்காட்சி என்ன ஆயிற்று? தள்ளி வைத்திருப்பார்கள். உன் கடிதத்தை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். காரணம் இருக்கிறது. என் சின்ன நாத்தனாரை எட்டாவதோடு நிறுத்திவிடப் பேச்சு நடக்கிறது. என்னையும் எட்டாவதோடுதானே நிறுத்தினார்கள்? உன்னைக் காட்டித்தான் நான் பேச வேண்டும்.

அந்த மலைப் பெண்ணுக்கும் என் ஸலாம் சொல். மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அக்கா,
முஹ்சினா


வெள்ளிமலை
14-10-1987

அன்புள்ள மெகருக்கு,

செல்லியம்மாள் எழுதுவது. நீயும் உங்கள் அத்தா, அம்மாவும் சுகமா? எங்கள் வீட்டில் ஆடு உட்பட எல்லோரும் சுகம். விடுதியை மூடி எங்களை அனுப்பிவிட்டதால் பாடம் எல்லாம் மறந்துவிட்டது. தீபாவளி கழித்துத்தான் திறப்பார்களாம்.

கண்காட்சித் தேதி வந்துவிட்டதா? உங்கள் கடைக்கு வரும் ஜீப்பில் சேதி சொல்லி அனுப்புவதாகச் சொன்னாயே. மூன்று நாளாகக் காலையில் ரோட்டுக்கு வந்து நிற்கிறேன். சின்னதுரை அண்ணன் ஜீப்பை நிறுத்தி, சேதி ஒன்றும் இல்லை என்கிறார். அவர் மறந்திருப்பாரோ என்று இந்தக் கடிதம் எழுதுகிறேன். தேதி தெரிந்ததும் உடனே எழுது. பாவாடை தாவணி துவைத்து வைத்திருக்கிறேன்.

நடுவர் புதிதாக ஏதாவது கேட்டால் சொல்ல, பாறை ஓரத்தில் நான்காவதாக ஒரு டின் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ச. செல்லியம்மாள்


கள்ளக்குறிச்சி
18-10-1987

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். கடையை ஒன்பது நாள் மூடியிருந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

15-ம் தேதி கடலூரில் கண்காட்சி நடந்தது. முதல் பரிசு கிடைத்தது. கோப்பை கொடுத்தார்கள். பேப்பரில் என் பெயர் வந்திருக்கிறது, அதைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். அடுத்து மாநிலக் கண்காட்சி, திருச்சியில். எங்கள் அறிவியல் டீச்சர் கொளஞ்சியம்மாள்தான் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது எலவனாசூர்கோட்டைப் பக்கம் வெட்டிப் போட்ட புளிய மரங்கள் இன்னும் ரோட்டு ஓரத்தில் கிடந்தன. கடலைப் பார்த்தேன்.

சேதி சொல்லி அனுப்பியும் செல்லியால் வர முடியவில்லை. சாலை நிலவரம் உனக்கே தெரியும்.

பாடம் நிறைய இருப்பதால் முடிக்கிறேன்.

மெகருன்னிசா


வாணியம்பாடி
29-10-1987

என் தங்கமே,

ஆயிரம் ஸலாம். நாங்கள் சுகம், உன்னால் இன்னும் சுகம். பேப்பர் துண்டை மச்சான் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் மாமியாரே காட்டுகிறார். நேற்று இரவு சாப்பிடும்போது, "சரி, இவளும் ஒம்பதாவது போகட்டும்" என்றார். நாத்தனார் சமையலறையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். இதெல்லாம் உன்னால், மெகரு.

ஆனால் இவ்வளவு பெரிய செய்தியை அரைப் பக்கத்திலா எழுதுவாய்? நடுவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், ஒன்றும் இல்லையே. செல்லியம்மாளுக்குச் சான்றிதழ் அனுப்பினாயா? பேப்பரில் உன் பெயர் மட்டும் இருக்கிறதே, அவள் பெயரைப் போட மறந்துவிட்டார்களா? தெரிந்ததும் என்ன சொன்னாள்? விவரமாக எழுது.

அக்கா


கள்ளக்குறிச்சி
16-11-1987

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இங்கே மழை விடாமல் பெய்கிறது. அத்தாவுக்கு இருமல் அதிகமாகி டாக்டரிடம் காட்டினோம். சளிதான், பயமில்லை என்றார். கடையில் மூட்டைகளுக்குக் கீழே ஈரம் ஏறிவிட்டது. நானும் அம்மாவும் பலகை தூக்கி வைத்தோம். பக்கத்து வீட்டு வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. உன் பழைய தையல் மிஷினை அம்மா எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்த்தார். நன்றாக ஓடுகிறது. நைனார்பாளையத்திலிருந்து மாமா வந்து போனார். உன்னை விசாரித்தார். காலாண்டுத் தேர்வில் கணக்கில் தொண்ணூற்று ஆறு, தமிழில் எழுபது.

செல்லி பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை. விடுதி திறந்ததும் வந்தாள், இரண்டு நாளில் போய்விட்டாள். காரணம் தெரியாது.

மச்சானுக்கு ஸலாம்.

மெகருன்னிசா


வாணியம்பாடி
25-11-1987

மெகருக்கு,

ஸலாம். அத்தா இருமலுக்குச் சித்தரத்தையைத் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆட்டுக்குட்டி வரைக்கும் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. சின்ன வயதில் பால் சட்டியைக் கவிழ்த்துவிட்டு அம்மாவிடம் ஊர்க் கதையெல்லாம் சொல்வாயே, அந்தக் குரல் கேட்கிறது எனக்கு.

அந்தப் பெண் இரண்டே நாளில் ஏன் போய்விட்டாள்? பரிசு வாங்கும் அளவுக்கு உழைத்தவள் பத்தாம் வகுப்பை நடுவில் விடுவாளா? உனக்குத் தெரியாமல் இருக்காது.

முஹ்சினா


வாணியம்பாடி
21-12-1987

மெகருக்கு,

ஸலாம். ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. அம்மா எழுதச் சொல்லி எழுதிய கடிதத்தில்கூட உன் கையெழுத்து இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் எழுத்து. இது கார்டு, தபால்காரர் முதல் எல்லோரும் படிப்பார்கள். அதனால் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. உடம்பு சுகம் என்று மட்டுமாவது எழுது.

முஹ்சினா


கள்ளக்குறிச்சி
3-1-1988

அன்புள்ள அக்கா,

ஸலாம். உடம்பு சுகம்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. யாருக்கும் படித்துக் காட்டாதே.

அக்டோபர் 9-ம் தேதி டீச்சர் கடலூர்த் தேதியைச் சொல்லி, "செல்லிக்குச் சொல்லி அனுப்பிடு" என்றார். திங்கட்கிழமை காலையில் சின்னதுரை ஜீப் நம் கடைக்கு வந்தது. சரக்கு ஏற்றி முடித்ததும் அத்தா உள்ளே எட்டிப் பார்த்து, "மேல போவுது, சேதி எதுனா இருக்குதாம்மா?" என்று கேட்டார். நான் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல அத்தா" என்றேன். ஜீப் திரும்பிப் போகும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை வரை நேரம் இருந்தது. தினமும் ஜீப் வந்தது. ரோட்டில் ஒரு தடையும் இல்லை அக்கா. மறியல் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கடலூரில் பெயர் எழுதும் பாரத்தில் இரண்டு கோடு இருந்தது. டீச்சர் மேஜை பிடிக்கப் போயிருந்தார். நான் ஒரு கோட்டில்தான் எழுதினேன். நடுவர் டின் வைத்த இடத்தைப் பற்றிக் கேட்டார். "நீதான் வச்சியாம்மா?" என்றார். "ஆமா சார்" என்றேன். லீவில் மலைக்குப் போய் வைத்தேன் என்று அவர் கேட்காததையும் சொன்னேன். நான் இதுவரை வெள்ளிமலையைப் பார்த்ததே இல்லை. பேப்பர்காரரிடமும் அதையே சொன்னேன். டீச்சரிடம், சொல்லி அனுப்பினேன், அவள் வரவில்லை என்றேன்.

ஊருக்கு வந்த ஐந்தாம் நாள் செல்லியின் கடிதம் வந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள் எழுதியது. மூன்று நாளாக ரோட்டில் வந்து நிற்கிறேன், தேதி எப்போது என்று. அதை என் கணக்கு நோட்டு அட்டைக்குள் வைத்திருக்கிறேன். பதில் எழுதவில்லை.

விடுதி திறந்ததும் வந்தாள். பள்ளிக்கூடப் பலகையில் என் பெயர் மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "எம் பேரு இல்லியே மெகரு?" என்றாள். நேரில் வந்தவர்கள் பெயரைத்தான் எழுதுவோம் என்று கடலூரில் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். தலையை ஆட்டினாள். இரண்டு நாள் வகுப்பில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் இடம் காலி.

டிசம்பர் 10-ம் தேதி சடையன் சாமை கொண்டுவந்தார். நான் உள்ளே இருந்தேன். செல்லி ஏன் படிப்பை விட்டாள் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், பாப்பாவுக்கு ஏதாவது தெரியுமா என்று அத்தாவிடம் கேட்டார். அத்தா அதற்குப் பதில் சொல்லாமல், பெருமையாக, கோப்பையையும் சுவரில் ஒட்டியிருந்த பேப்பரையும் காட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இதுல எம் பொண்ணு பேரு எங்க இருக்குது பாய்?" என்றார்.

அத்தா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். அவரும் அதுவரை கவனிக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு பேரு இன்னாத்துக்கு இல்ல?" என்றார்.

"நான் எழுதல" என்றேன். வேறு பொய் வரவில்லை.

சடையன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சின்னப் புள்ள, வுடுங்க பாய். தெரிஞ்சிக்கினு போலான்னுதான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். அத்தா அவர் கோணிகளைத் தாமே தோளில் போட்டுக்கொண்டு ஜீப் வரைக்கும் போய்விட்டு வந்தார். வந்ததும் பேப்பரைச் சுவரிலிருந்து உரித்தார். அடிக்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் தண்ணீர்கூடக் கேட்பதில்லை, அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். ஆகஸ்டில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அதைத் தவிர வேறு காரணம் இல்லை. தேடித் தேடிப் பார்க்கிறேன், இல்லை.

மெகருன்னிசா


வாணியம்பாடி
11-1-1988

மெகருக்கு,

ஸலாம். இங்கே சுகம்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மாமியாரிடம் கொடுத்து, நானே படித்தும் காட்டினேன். கோபித்துக்கொள். அந்தக் கண்ணாடிப் படத்தைத் தினமும் அவர் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. படம் இறங்கிவிட்டது. நாத்தனார் இந்த வருஷம் பள்ளிக்கூடம் போவாள், அடுத்த வருஷம் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரிலேயே எனக்குச் சந்தேகம். அரைப் பக்கக் கடிதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை என்று. ஆனால் அந்தப் பேப்பர் துண்டு எனக்கு வேண்டியிருந்தது. அதனால் கேள்வியைக் கடிதத்தில் கேட்டுவிட்டு, பதில் வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். ஊருக்குக் கிளம்பி வந்து உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீ பொய் சொன்னாய், நான் அதை மாட்டி வைத்தேன்.

என்னிடம் எழுதியதால் பாரம் குறைந்திருக்கும். குறையக் கூடாது. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு வாணியம்பாடி வழியாகவா போவார்கள்? திருச்சிக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் டீச்சரிடம் சொல். பிறகு அத்தாவைக் கூட்டிக்கொண்டு மேலே போ. அது முடியும் வரை எனக்கு எழுதாதே.

உன் அக்காதான்,
முஹ்சினா


கள்ளக்குறிச்சி
1-3-1988

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் தலைவலிக்கு மாத்திரை மாற்றினார்களா? அத்தாவுக்கு இருமல் நின்றுவிட்டது. அம்மா சுகம்.

நீ சொன்னபடி முடிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

கொளஞ்சியம்மாள் டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாரத்த நான் வாங்கிப் பாத்திருக்கணும்" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அது கடலூருக்குப் போயிற்று. மறுநாள் பிரேயரில் அதை நானே படித்தேன். அறுநூறு பேர். முதல் வரிசையில் ஆறாம் வகுப்புப் பெண்கள் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலூரிலிருந்து பதில் வந்தது. இரண்டு பெயரும் சேர்த்து, இரண்டு பேரும் திருச்சிக்கு வரலாம் என்று.

அத்தாவும் நானும் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் பஸ் ஏறும்போது எனக்கு வாந்தி வந்துவிட்டது. இந்தப் பாதையில்தான் அவள் மண் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சடையன் வீட்டில் எங்களுக்குப் பாய் விரித்தார்கள். செல்லி கொல்லையில் வேலையாக இருந்தாள். கூப்பிட்டும் வெகுநேரம் வரவில்லை. நானே போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப் வந்தது, பாரம், நடுவரிடம் சொன்ன பொய், பலகைக்கு முன்னால் சொன்ன பொய். குனிந்துகொண்டே கேட்டாள். பிறகு, "நீ மறந்துட்டன்னுதான் மொதல்ல நெனச்சேன். பலகை முன்னால நீ சொன்னதுலதான் தெரிஞ்சிச்சு. மறந்திருந்தா நா படிக்க வந்திருப்பேன்" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. என்னை அழ வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திருச்சிக்கு வருகிறாயா என்று கேட்டேன். பின்னால் வந்து நின்ற தன் அப்பாவைப் பார்த்தாள். அவர், "ஒன் இஷ்டம்" என்றார். "நாந்தான் பேசுவேன்" என்றாள். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

போன வாரம் போய் வந்தோம். பெரிய மண்டபம். எங்கள் மேஜைக்கு வந்த நடுவர் ஒரு வயதான அம்மா. செல்லிக்கு முதலில் குரலே வரவில்லை. நாலு மாதம் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாளே. நான் சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்து, திறந்ததும் மூடிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். புல் இருக்கும் இடத்தில் தண்ணீர் எப்படி நின்று இறங்குகிறது என்று கையை வைத்துக் காட்டினாள். நடுவர் எல்லாம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு என்ன செஞ்சது?" என்றார்.

சும்மா துணைக்கு வந்தேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் செல்லி சொன்னாள்: "கணக்கு பூரா இவதான் மேடம். டின்னு வெச்சதும் மண்ணு எடுத்ததும் நானு. ஏக்கருக்கு எத்தினி வண்டின்னு கண்டுபுடிச்சது இவ. அது எனக்கு வராது. பேரு மெகருன்னிசா."

நடுவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பரிசு இல்லை. திரும்பும்போது செல்லி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பரீட்சை எழுத வருவாள், விடுதியில் அவள் பெயரை மறுபடி சேர்த்துவிட்டார்கள். வகுப்பில் வேறு பெஞ்சில் உட்காருகிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள், அதற்கு மேல் இல்லை.

அத்தா நேற்று என்னிடம் தண்ணீர் கேட்டார்.

ஆனால் அக்கா, பிரேயரில் படித்தபோதுகூட எனக்கு இப்படி இல்லை. திருச்சியில் அவள் என் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால், சரிக்குச் சரி ஆயிற்று என்று நான் நிம்மதியாக வந்திருப்பேன். அவள் எனக்குச் சேர வேண்டியதை ஒன்றும் குறைக்காமல், அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாத்தனாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். மச்சானுக்கும் உன் மாமியாருக்கும் ஸலாம்.

உன் தங்கை,
மெகருன்னிசா